விற்கப் போனால் தெரியும் வைரத்தின் விலை

1976இல் நெதர்லாந்து நுகர்வோர் சங்கம் ஒரு சோதனை செய்து பார்த்தது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு கேரட்டுக்குச் சற்று அதிகமான, குறையில்லாத வைரம் ஒன்றை வாங்கி, எட்டு மாதம் கழித்து அந்நகரின் 20 பெரிய வியாபாரிகளிடம் விற்கக் கொண்டுபோனது. 19 பேர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மீதமிருந்த ஒருவர் தர முன்வந்த விலை, வாங்கிய விலையில் சிறு பங்குதான்.

பிரிட்டனில் ஒரு நுகர்வோர் பத்திரிகை 1970இல் 400 பவுண்டுக்கு இரண்டு கற்கள் வாங்கியது. 1978இல் அவற்றுக்குக் கிடைத்த அதிகபட்ச விலை 500 பவுண்டு. லாபம் போலத் தோன்றும். ஆனால் அதற்குள் அந்நாட்டில் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. இவ்விரண்டையும் 1982இல் எழுதி உலகறியச் செய்தவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்வர்ட் ஜே எப்ஸ்டீன்.

ஏன் இப்படி? தங்கத்துக்கு அன்றாட விலை உண்டு. எந்தக் கடையிலும் கேட்கலாம். வைரத்துக்கு அப்படி இல்லை. எடை, நிறம், தெளிவு, பட்டை என்று கல்லுக்குக் கல் விலை மாறும். நாம் கொடுக்கும் பணத்தில் மொத்த வியாபாரியின் லாபம், கடையின் லாபம், வரி எல்லாம் அடங்கியிருக்கும். விற்கும்போது அவை திரும்பி வராது. இன்னொன்றும் உண்டு. பல கடைகளுக்கு மொத்த வியாபாரிகள், விற்றபின் பணம் கொடுத்தால் போதும் என்று கல்லைக் கொடுத்து வைக்கிறார்கள். அப்படியிருக்க, கையிலிருந்து ரொக்கம் போட்டு நம் கல்லை வாங்குவானேன்?

இப்போது போட்டிக்கு, ஆய்வகத்தில் உருவாக்கும் வைரமும் சேர்ந்துகொண்டது. அதுவும் அதே கார்பன்தான். வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. அதன் விலை சில ஆண்டுகளில் சரசரவென்று இறங்கியிருக்கிறது.

விற்பவருக்கு நஷ்டமான இதே கணக்கு, பழைய நகை வாங்குபவருக்குச் சாதகம். புது நகை விற்ற கடையின் லாபத்தை முதல் சொந்தக்காரர் ஏற்கெனவே கட்டிவிட்டார். ஆனால் கவனம் வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் ஏழு கல் தோட்டை 'ப்ளூ ஜாகர்' என்று பெருமையாகச் சொல்வதுண்டு. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபோன்டெயின் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. அந்தச் சுரங்கம் 1971இல் மூடப்பட்டுவிட்டது. பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், கல் அங்கிருந்துதான் வந்தது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். பழைய தோடுகளில் பின்பக்கம் மூடிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுக்குள் கல்லின் நிறமும் ஓர உடைசலும் தெரியாது, எடையும் உத்தேசம்தான்.

சான்றிதழ் இருந்தால், அதிலுள்ள எண் கல்லின் ஓரத்தில் லேசரால் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். எல்லாக் கல்லிலும் அது இருக்காது. இல்லையென்றால், கல்லைக் கழற்றி வைரப் பரிசோதனை ஆய்வகத்துக்கு அனுப்பி, இயற்கை வைரம்தானா என்று எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் தங்கத்தின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக இருக்கட்டும். கல்லைக் கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.