அப்பாவிடம் யார் கேட்பது?

நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறையில் அறுபத்தைந்து வயசுப் பெரியவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அந்த' இடத்தில் சிவப்பாய் ஒரு திட்டு. வலியில்லை. 'இந்த வயசில் இப்படியொரு வியாதியா' என்று மகன் நினைப்பானோ? மூச்சு விடவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மட்டும், "தம்பி, படைக்கு ஒரு டியூப் குடுங்க..."

தடவினால் மங்கும், விட்டால் திரும்பும். வருஷம் ஓடுகிறது.

வில்லனே அந்த டியூப்தான்! பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். சிவப்பை மறைக்கும், அவ்வளவே.

சர்க்கரையால் வந்த பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். 1952-ல் ஹாலந்து டாக்டர் ஸூன் சொன்ன சாதுவான அழற்சியாக இருக்கலாம். 1911-ல் பிரெஞ்சு டாக்டர் கேரா விவரித்த, புற்றுநோயின் முதல் படியாகவும் இருக்கலாம். மூன்றுமே சிவப்பு! அனுபவசாலி டாக்டரே கண்ணால் பார்த்துத் தடுமாறுவார். மரத்துப்போக ஊசி போட்டு, மிளகளவு சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அதுதான் பயாப்ஸி. ('வெட்டிடுவாங்களோ' என்று பெரியவர் நடுங்குவார். தள்ளிப்போட்டால்தான் ஸார் அந்த ஆபத்து! முதல் படி என்றால் பெரும்பாலும் களிம்பு, லேசரிலேயே தீரும்.)

நாலு வாரம் ஆறவில்லையா? ஒருநாள் லீவு போடுங்கள். சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, தோல் பிரிவு. "அப்பா, சுகர் டெஸ்ட்டுக்குப் போயிட்டு வரலாம் வாங்க" என்று கிளப்புங்கள். பொய்யில்லை, அதுவும் பார்க்க வேண்டியதுதான். டாக்டர் அறைக்குள் மட்டும் கூடவே போகாதீர்கள். நீங்கள் நின்றால் அவர் வாயைத் திறக்க மாட்டார்.