ஒதுக்கிய நிதியும் அதன் காவலும்

சிரம்பான் வட்டாரத்துத் தோட்டங்களில், ரந்தாவ் பக்கமாயினும் லாபு பக்கமாயினும், தார்ச்சடக்கை விட்டு இறங்கியதும் செம்மண் பாதை தொடங்கிவிடும். செம்பனைக் குலை ஏற்றும் லாரியும் டிராக்டரும் உழுதுவிட்ட அதே தடத்தில்தான் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்து பிள்ளைகள் பள்ளிக்கு வருகின்றனர். மழைக்காலத்தில் அத்தடம் படும் பாட்டை ஆசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. “அரசாங்கம் இதற்கென்று ஒரு தொகை ஒதுக்கக்கூடாதா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், தொகையை ஒதுக்கச் செய்வது ஒரு பாடு. ஒதுக்கியது ஆண்டுதோறும் குறையாமல் நிற்கச் செய்வது அதனினும் பெரும்பாடு.

அரசாங்கத்திற்கு வரும் வரிப்பணம் பெரும்பாலும் ஒரே தொகுப்பு நிதியிற் சேர்கிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் நாடாளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தின் வழி பணத்தைப் பகிர்ந்தளிக்கிறது. இவ்வாறு அளிக்கப்படும் தொகை அந்த ஓராண்டுக்கே உரியது. மறு ஆண்டு வருவாய் இறங்கினாலோ கடன்வட்டி ஏறினாலோ, கேட்பாரற்ற சிறு இனங்களின் மேல்தான் கத்தரி முதலில் விழும். இதற்கு அஞ்சியே, சில செலவுகளுக்குச் சட்டத்தின் வழி தனி நிதி வகுக்கும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டாயிற்று.

மண்தடத்திற்கே அப்படியொரு நிதி கண்ட இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம். காட்டுத் தடங்களில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் ஓட்டுவோருக்காக 1971-இல் அங்கே ஒரு சட்டம் பிறந்தது. தார்ச்சடக்கைத் தொடாமலே எரிந்த பெட்ரோலின் வரியை ஏன் தார்ச்சடக்குக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை வாதம். ஆகவே எரிபொருள் வரியில் ஒரு பங்கும் வண்டிப் பதிவுக் கட்டணமும் தடங்களைப் பேணவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் தனியே வைக்கப்பட்டன. எனினும் கருவூலம் வறண்ட காலத்தில் அந்நிதியிலிருந்து பெருந்தொகைகள் ‘கடன்’ என்ற பெயரில் பொதுக்கணக்கிற்குப் போயின. அன்றியும், அத்திட்டத்திற்குக் காலவரையறை ஒன்றும் இருந்தது. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்துபோக இருந்ததை, 2017-இல் இயற்றிய மற்றொரு சட்டம் நிரந்தரமாக்கிற்று. பொழுதுபோக்குக்காக வண்டியோட்டுவோர் தம் நிதியை இவ்வளவு விழிப்போடு காத்தனர் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

நம் முன்னோர் பெயராலும் இந்நாட்டில் ஒரு தனி நிதி இருந்தது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டத்தால் தோன்றிற்று. ஒரு துரை தம் செலவில் ஆள் கொண்டுவர, அடுத்த தோட்டத்துத் துரை அவ்வாளைக் கவர்ந்துகொள்ளும் சச்சரவு அக்காலத்தில் ஓயாதது. ஆதலால், ஆளை அழைத்தவர் அழைக்காதவர் என்ற பேதமின்றித் தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் அனைவரும் அவர்கள் உழைத்த நாட்கணக்கிற்கு ஏற்பப் பணம் கட்ட வேண்டுமென்று விதி செய்தனர். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம் நடத்தவும், கப்பற் செலவு கொடுக்கவும் அது பயன்பட்டது. பிரயாணக் கடன் தலைமேல் இல்லாமல் தொழிலாளி வந்திறங்க முடிந்தது இதனாலேதான். முதலாளியின் நலத்திற்காகப் பிறந்த நிதியே எனினும், இந்த நன்மையை மறுக்க இயலாது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது.

1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தபின் அந்நிதியின் முதல் வேலை முடிந்தது. தாயகம் திரும்புவோருக்கு உதவுவதும், உழைத்து ஓய்ந்த ஆதரவற்றோரைப் பேணுவதும் எஞ்சின. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999-இல் நாடாளுமன்றம் கலைப்புச் சட்டம் இயற்ற, அதன் உடைமைகள் கூட்டரசின் கைக்குப் போயின. சட்டம் கட்டிய மதிலைச் சட்டமே இறக்கியது. முறைப்படி நடந்தது அது. ஆனால் தொழிலாளரின் உழைப்பு நாட்களை எண்ணி எண்ணிச் சேர்த்த பணம், தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துப் புறஞ்சேரிகளுக்குப் பெயர்ந்துகொண்டிருந்த, உதவி மிகவும் வேண்டியிருந்த காலத்திலேயே தன் தனிப்பெயரை இழந்தது. அதன் வரலாற்றை நம் பள்ளிகளிலேனும் சொல்லியிருந்தால் கேட்பார் சிலராவது இருந்திருப்பர் என்பது என் எண்ணம்.

இனிச் சடக்குக்கு வருவோம். மலேசியாவில் மாநிலச் சடக்குகளைப் பேணும் பணத்திற்குச் சாதாரணச் சட்டத்தினும் வலிய காவல் உண்டு. கூட்டரசு அரசமைப்பின் 109-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திற்கும் சடக்குப் பராமரிப்பு மானியம் கொடுத்தே தீர வேண்டும் என்கிறது. சடக்கின் நீளத்தைப் பராமரிப்புச் செலவின் சராசரியால் பெருக்கி அத்தொகையைக் காணும் முறை பத்தாம் அட்டவணையில் உள்ளது. இம்மானியம் தொகுப்பு நிதியின் மேல் நேரே சுமத்தப்பட்டது. ஆண்டுதோறும் வாக்கெடுத்துக் கொடுக்கும் பணமன்று. ஆகவே ஒரு நிதியமைச்சர் நினைத்த மாத்திரத்தில் இதை வெட்டிவிட முடியாது.

இத்துணைக் காவலிருந்தும் நம் செம்மண் பாதைக்கு அதிலிருந்து ஒரு காசும் வருவதில்லை. மாநிலப் பொதுப்பணி இலாகா குறித்த தரத்திற்குப் பேணிவரும் சடக்கே கணக்கில் ஏறும். தோட்டத்துப் பாதையோ கம்பெனியின் நிலத்தில் கிடக்கிறது. அதைச் செப்பனிடுவதும் விடுவதும் நிர்வாகத்தின் விருப்பம். பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகள் நிலம் தமதல்லாத காரணத்தால் நெடுங்காலம் பட்ட தொல்லையும் இதே வகையினதுதான்.

எனவே தேர்தற் காலத்தில் ஒரு முறை லாரி லாரியாகச் சரளைக் கல் கொட்டுவதைப் பெரும்பேறாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கல்லுக்கு மறு ஆண்டுக் கணக்கில் இடமில்லை. பள்ளி வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முதலில் நில அலுவலகத்தில் அறிய வேண்டியது, பள்ளிக்குச் செல்லும் பாதை எவர் பட்டாவில் அடங்கியுள்ளது என்பது. கம்பெனியின் நிலமாயின், அந்த நீளத் துண்டை மட்டும் மாநில அரசிடம் ஒப்படைக்க 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதற்குக் கம்பெனியின் சம்மதம் வேண்டும், அளவை வேண்டும், பாதையைத் தரத்திற்கு உயர்த்த முதற்செலவும் வேண்டும். அந்த முதற்செலவுக்குத்தான் சட்டமன்ற உறுப்பினரை நெருக்க வேண்டும். பொதுப்பணி இலாகா பாதையை ஏற்றுப் பேணத் தொடங்கிவிட்டால், பிற்பாடு அதன் நீளமும் மாநிலத்தின் மானியக் கணக்கில் சேரும்.