ஒரே கலர் ஜெராக்ஸ் மெஷின், மூன்று வகைக் கணினிகள்

கணக்குப் பிரிவில் விண்டோஸ், டிசைனரிடம் மேக், சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் லினக்ஸ் என்று கலந்திருக்கும் அலுவலகங்கள் இன்று ஏராளம். அங்கே புது கலர் லேசர் ஜெராக்ஸ் மெஷின் வந்து இறங்கும். நெட்வொர்க் கேபிளைச் செருகியதும் விண்டோஸிலிருந்து பிரிண்ட் அருமையாக வரும். மேக்கிலிருந்து கொடுத்தாலோ, சில சமயம் தாள் தாளாகப் புரியாத ஆங்கில எழுத்துகள் கொட்டும். முதல் வரியில் ‘பிஎஸ்-அடோபி’ என்று இருக்கும்.

அந்த வரிதான் துப்பு. கணினி அனுப்பியது, அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில். மெஷினுக்குத் தெரிந்ததோ ஹெச்பி உருவாக்கிய பிசிஎல் மட்டும். படம் வரையச் சொன்ன கட்டளைகளை வெறும் எழுத்தென்று எடுத்துக்கொண்டு அப்படியே அச்சடித்துவிடுகிறது.

இந்தச் சிக்கல் பழையது. கேனன் நிறுவனத்தின் தொடக்ககால கலர் லேசர் காப்பியர்கள் நகல் எடுக்க மட்டுமே பிறந்தவை. அவற்றைக் கணினியோடு இணைக்க, இஎஃப்ஐ நிறுவனம் 1991இல் ‘ஃபியரி’ என்ற கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. இப்போதும் பல மாடல்களில் போஸ்ட்ஸ்கிரிப்ட் தனிக் காசு கொடுத்து வாங்க வேண்டிய வசதிதான்.

இணைக்கும்போது முதல் வேலை, மெஷினுக்கு மாறாத ஐபி முகவரி தருவது. ரவுட்டர் தன் போக்கில் முகவரியை மாற்றினால், நேற்று வந்த பிரிண்ட் இன்று வராது.

அடுத்தது வழி. விண்டோஸ் பெரும்பாலும் 9100ஆம் போர்ட் வழியாக அனுப்பும். பழைய யூனிக்ஸ் முறையான எல்பிடிக்கு 515. புதிய ஐபிபி முறைக்கு 631. லினக்ஸிலும் மேக்கிலும் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற ஒரே மென்பொருள். 2002 முதல் மேக்கிலும் அது இருக்கிறது. ஆப்பிள் 2010இல் கொண்டுவந்த ஏர்பிரிண்ட் மெஷினில் இருந்தால் மேக்குக்கும் ஐபோனுக்கும் தனி டிரைவர் தேவையில்லை. ஆனால் ஸ்டேப்பிள், பிரிவுவாரி பாஸ்வேர்டு போன்றவை பெரும்பாலும் நிறுவனத்தின் டிரைவரைப் போட்டால்தான் முழுமையாகக் கிடைக்கும். டிரைவரில் கறுப்பு வெள்ளையையே இயல்பாக வைத்துவிட்டால் கலர் டோனர் வீணாகாது.

ஸ்கேன் செய்வதை நேராகக் கணினி ஃபோல்டருக்கு அனுப்பும் வசதியிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய மெஷின்கள் எஸ்எம்பி 1 என்ற கோப்புப் பகிர்வு முறையை நம்பியிருப்பவை. 2017 மே மாதம் உலகைக் கலங்கடித்த வானாகிரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாகத் தருவதில்லை. ஸ்கேன் வரவில்லை என்று அதைத் திரும்ப ஆன் செய்வது ஆபத்து. ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதோ மின்னஞ்சலுக்கு அனுப்புவதோ நல்லது.

ஆகவே வாங்குமுன் டீலரிடம் கேளுங்கள்: போஸ்ட்ஸ்கிரிப்ட் விலையிலேயே அடங்குமா? ஏர்பிரிண்ட் உண்டா? ஸ்கேனுக்கு எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா? பதிலை வாய்வார்த்தையாக விடாமல் கொட்டேஷனிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.