நெற்கணக்கும் பெயர்க்கணக்கும்

வேளாளரை உழுதுண்போர் என்றும் உழுவித்துண்போர் என்றும் இரண்டாக வகுத்தார் நச்சினார்க்கினியர். சேற்றில் இறங்கி ஏர் பிடித்தவர் ஒரு வகை. வரம்பில் நின்று ஏர் பிடிப்பித்தவர் மற்றொரு வகை. நம் புலவர்கள் உழவைப் பாடாதவர்கள் அல்லர். கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது, கலப்பையின் உறுப்புக்களைக்கூடத் தனித்தனியே எடுத்துப் புகழ்கின்றது. ஆனால், அந்தப் புகழ் யாருடைய வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது? பெரும்பாலும் வரம்பில் நின்றவருடைய வீட்டுக்குத்தான்.

சேற்றில் நின்றவருக்கு வாய் கொடுத்தது பள்ளுப் பிரபந்தம். உலாவிலே பாட்டுடைத் தலைவன் பவனி வருவான், வீதியெல்லாம் அவனுடையது. பள்ளிலோ தலைவனுக்கு வாழ்த்து மட்டுமே. மேடை பண்ணையில் உழைக்கும் பள்ளனுக்கும் அவன் மனைவியர் இருவருக்கும் உரியது. மழைக்குறி அறிந்தவர்கள் அவர்கள். வித்து வகை, மாட்டு வகை, ஏர் வகை எல்லாவற்றையும் பள்ளன் பண்ணைக்காரனிடம் கணக்கொப்புவிக்கிறான். அந்தப் பகுதியைப் புலவர் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு எழுதியிருத்தல் இயலாது. வயலுக்குப் போய் யாரோ ஒருவரிடம் கேட்டே எழுதியிருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. புலவர் பெயர் சில பள்ளுக்களுக்கேனும் கிடைத்திருக்கிறது. சொல்லிக் கொடுத்தவர் பெயர் கிடைக்கவில்லை.

வகுப்பிலே பள்ளுப் படிக்கும்போது மாணவர் சிரிப்பர். பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டுகிறான். பின்னர் மாடு முட்டிப் பள்ளன் விழுகிறான். மனைவியர் இருவரும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொள்கின்றனர். சிரிக்கட்டும். சிரிப்பதற்காகவும் பாடப்பட்டதுதானே! ஆயினும், முக்கூடற்பள்ளிலே நெல் அளந்து முடிந்தபின் மூத்தவள் தன் பங்கு கிடைக்கவில்லை என்று முறையிடும் இடம் வந்ததும் யான் சற்று நிறுத்துவதுண்டு. நாற்று நட்டவளுக்குப் பங்கில்லை என்ற செய்தி நகைச்சுவைக்குள்ளே ஒளிந்து கிடக்கிறது. அதனை விளக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஈழத்திலும் பள்ளுக்கள் உண்டு. கதிரைமலைப் பள்ளு ஒன்று. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளு மற்றொன்று. தண்டிகைக் கனகராயன் பள்ளைப் பாடியவர் மாவைச் சின்னக்குட்டிப் புலவர். மாவை என்பது மாவிட்டபுரம். உழுபவனை மேடையேற்றிய புலவரின் ஊர் அது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும், 1968இல் அவ்வூர்க் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்லவிடாது தடுக்கப்பட்டனர். அவர்கள் கைபட்ட நெல் அரிசியாகி, அமுதாகிக் கருவறைவரை போகும். கைகள் வெளியே நிற்கவேண்டும். பள்ளுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் எழுதிய நம்மவரிற் பலர் அன்று வாய் திறக்கவில்லை. இலக்கியத்திலே ஒருவனைப் பாடிவிட்டால் அவனுக்குப் பட்ட கடன் தீர்ந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டோம் போலும்.

மலையகத்தின் கதையும் கணக்கைப் பற்றியதே. என். எஸ். எம். இராமையாவின் "ஒரு கூடைக் கொழுந்து" என்ற சிறுகதையிலே, தான் கொய்த கொழுந்தின் நிறை தன் உழைப்பால் வந்ததே என்று ஒரு பெண் மெய்ப்பிக்கவேண்டி வருகிறது. தேநீர் அருந்திக்கொண்டே அக்கதையைப் படிக்கும்படி மாணவருக்குச் சொல்வேன்.

இன்று வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. சூடு மிதித்தவர்களும் துலா மிதித்தவர்களும் முதுமை எய்திவிட்டனர். ஆதலால், சில ஆண்டுகளாகப் பள்ளுப் பாடத்தோடு ஒரு பயிற்சியும் கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் வயல்வேலை செய்த முதியவர் ஒருவரிடம் சென்று, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி வருதல் வேண்டும். ஒரு மாணவர், "எங்கள் காணியில் கூலியாட்கள் வேலை செய்தனர்" என்று தொடங்கியிருந்தார். கூலியாட்களுக்குப் பெயரில்லையா என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கிழமை கழித்து, பதினொரு பெயர்களோடும், அவர்களுள் உயிரோடிருக்கும் ஓர் ஆச்சி சொன்ன கதைகளோடும் வந்தார். களத்திலே முதல் மரைக்காலை ஒன்று என்று எண்ணாமல் "இலாபம்" என்று எண்ணும் வழக்கத்தைச் சொன்ன ஆச்சி, "ஆருக்கு இலாபம் எண்டு நாங்கள் கேட்டதில்லை" என்றாராம்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்குறிப்பேட்டை அவ்வூர் வாசிகசாலையில் படித்தோம். காணிக்காரர் வீட்டாரும் வந்திருந்தனர். ஆச்சி முன்வரிசைக் கதிரையில் இருந்தார். பாதியிலே கையை உயர்த்தி மாணவரை நிறுத்தினார். "தம்பி, அந்தத் துண்டிலை பச்சைப்பெருமாள் இல்லை. மொட்டைக்கறுப்பனல்லோ விதைச்சனாங்கள்!" என்றார். மாணவர் அந்தச் சொல்லை வெட்டித் திருத்தி எழுதிக்கொண்டு, மேலே வாசித்தார்.