வலிப்பு வந்தவர் அருகில்

 தமிழகத்தின் எவ்வூரிலும் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் சூழ நிற்போர் தேடுவது இரும்பைத்தான். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். சற்றைக்கெல்லாம் துடிப்பு அடங்கும். இரும்பே காத்தது என்று நம்புவார்கள். வலிப்புகளில் மிகப்பல மூன்று மணித்துளிகளுக்குள் தாமே அடங்கிவிடுபவை. இரும்பைத் தேடிக் கொணர்வதற்குள் அந்நேரம் கழிந்துவிடுகிறது.

மூளையில் தூண்டும் நரம்பணுக்களும் அடக்கும் நரம்பணுக்களும் ஒன்றையொன்று சமன்செய்து இயங்குகின்றன. அச்சமநிலை குலைந்து, எண்ணற்ற அணுக்கள் ஒருசேர மின்துடிப்பை எழுப்புவதே வலிப்பு. முதலில் உடல் விறைக்கும். மார்புத் தசைகள் இறுகுவதால் மூச்சுத் தடைப்பட்டு உதடுகள் நீலம் பாரிக்கும். பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும். காண்போர் நெஞ்சு பதறுவது இயல்பே. ஆயினும் அப்பதற்றத்தில் செய்யப்படுபவையே பெருந்தீங்கு விளைவிக்கின்றன. துடிக்கும் கைகளை அழுத்திப் பிடித்தால் தோள்மூட்டு விலகலாம். நாவை விழுங்கிவிடுவார் என்றஞ்சிப் பற்களிடையே கரண்டியைச் செருகினால் பல் உடைந்து மூச்சுக்குழலில் சிக்கலாம். நாவை எவரும் விழுங்குவதில்லை. தளர்ந்த நா பின்சரிந்து மூச்சுவழியை அடைப்பதும், எச்சிலும் வாந்தியும் நுரையீரலுள் புகுவதுமே மெய்யான இடர்கள். ஒருக்களித்துக் கிடத்துவதால் இரண்டும் விலகும். துடிப்பு தணிந்தவுடன் மெல்லப் பக்கவாட்டில் திருப்புங்கள்.

அதுவரை தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள்; கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள்; மூக்குக்கண்ணாடியைக் கழற்றுங்கள். சாலை நடுவிலோ அடுப்பருகிலோ கிணற்றோரத்திலோ விழுந்திருந்தாலன்றி இடம் மாற்ற வேண்டா. முழுத் தெளிவு வருமுன் நீரும் புகட்டலாகாது.

கடிகாரத்தைப் பார்ப்பது இன்றியமையாதது. ஐந்து மணித்துளி கடந்தும் ஓயாத வலிப்பு, பெரும்பாலும் மருந்தின்றி ஓயாது. மூளைக்கும் ஊறு நேரலாம். உடனே 108-ஐ அழையுங்கள். தெளியுமுன் மறுமுறை வந்தாலும், முதன்முறையாக வந்திருந்தாலும், கருவுற்றவராயினும், நீருள் விழுந்தவராயினும் காத்திருக்கலாகாது. குளிக்கையிலும் விழிப்பு வேண்டும்: தென்னிந்தியாவில், சிறப்பாகக் கருநாடகத்தில், தலையில் சுடுநீர் ஊற்றும்போது வரும் ஒருவகை வலிப்பும் பதிவாகியுள்ளது. வலிப்புடையோர் குளியலறையைத் தாழிடாதிருத்தல் நன்று.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்புநோயுடன் வாழ்கின்றனர். முறையான மருத்துவம் கிட்டினால் பத்தில் எழுவர் வலிப்பின்றி வாழ இயலும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அம்மருத்துவத்திற்கு உடன் நின்றவரின் கண்களும் துணை. வலிப்பில்லா நேரத்தில் எடுக்கும் மூளை மின்வரைவு பல வேளைகளில் குறையேதும் காட்டாது. நோயாளிக்கோ நிகழ்ந்தது நினைவிராது. எந்தக் கை முதலில் இழுத்தது, முகம் எப்பக்கம் திரும்பியது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பவற்றை மருத்துவரிடம் சொல்லவல்லவர் அருகில் நின்றவரே. கூட்டத்தை விலக்கியபின் ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவருக்கு மட்டும் காட்டுவதும் பெரிதும் பயன்படும்.