உடைந்தாலும் விலை உண்டு

கண்ணாடி பாட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் உருகத் தயார். அதை உலைவரை கொண்டுபோகத்தான் ஆளும் கூலியும் வேண்டும்.

உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத்தில் உடைந்த வளையலை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. ஆக்ராவிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள இந்த ஊர், நாட்டின் கண்ணாடி வளையல்களுக்குத் தலைநகரம். உலையிலிருந்து எடுத்த கண்ணாடிப் பாகைச் சுழலும் உருளையில் இழைபோல இழுத்துச் சுற்றுகிறார்கள். சுருளை வெட்டினால் வாய் பிளந்த வளையங்கள் கிடைக்கும். அவை வீடுகளுக்குப் போகின்றன. அங்கே பெண்கள் தீச்சுடரில் காட்டி முனைகளை ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உடைசல் விழுகிறது. அத்தனையும் சேர்த்து, எடை போட்டு, மறுபடி உலைக்கே அனுப்புகிறார்கள். சுற்றுச்சூழல் என்ற சொல் செய்தித்தாள்களில் இடம்பிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே பழகிப்போன ஏற்பாடு இது. காரணம் எளிது: உடைசலுக்கு இங்கே விலை இருக்கிறது, வாங்கும் உலை பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

மற்ற ஊர்களில் இந்த இரண்டும் சேர்ந்து அமைவதில்லை. பிளாஸ்டிக்கை விட்டுக் கண்ணாடிக்குத் திரும்புங்கள் என்று பிரசாரம் செய்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இதைத்தான்.

கண்ணாடியின் பெருமைகள் பொய்யல்ல. ஊறுகாயின் புளிப்பு அதை அரிக்காது. உள்ளே இருக்கும் பண்டத்தின் வாசனையை அது மாற்றாது. உருக்கி வார்த்தால் பழசு புதுசாகவே வரும்; பிளாஸ்டிக்போலத் தரம் இறங்காது. ஆனால் மணல், சோடா ஆஷ், சுண்ணாம்புக்கல் மூன்றையும் கலந்து புதிதாகக் கண்ணாடி செய்வது மலிவான காரியமல்ல. 1,500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வெப்பம் வேண்டும். பெரிய உலையை ஒருமுறை மூட்டினால் பத்து ஆண்டுகளுக்கு மேலும் இரவு பகலாக எரியவிட வேண்டும். போதாக்குறைக்கு, சோடா ஆஷும் சுண்ணாம்புக்கல்லும் உருகும்போதே கரியமில வாயுவை வெளியிடுகின்றன.

தொழிலில் 'கல்லெட்' என்று சொல்லப்படும் உடைகண்ணாடி இங்கேதான் கைகொடுக்கிறது. ஏற்கனவே உருகிய பொருள் என்பதால் அதற்குக் குறைந்த சூடு போதும். ஒரு டன் உடைகண்ணாடி சுமார் 1.2 டன் மூலப்பொருளின் இடத்தை நிரப்பும். உலையில் போடும் சரக்கில் அதன் பங்கு 10 சதவீதம் கூடினால் எரிபொருள் 2.5 முதல் 3 சதவீதம் மிச்சமாகும். ஆக, ஆலைகளுக்கு வேண்டிய சரக்குதான். பிறகு ஏன் ஊருக்கு வெளியே உடைந்த பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன?

எடைதான் வில்லன். 650 மி.லி. பீர் பாட்டில் காலியாகவே அரைக் கிலோவை நெருங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் அடைத்த பிளாஸ்டிக் பாட்டிலின் எடை 20, 25 கிராம். கண்ணாடியைச் சுமப்பது கடினம், கிலோவுக்குக் கிடைப்பதோ சொற்பம், கையைக் கிழிப்பது இலவசம். காயலான் கடையில் முழு பாட்டிலை எண்ணி வாங்குவார்கள். உடைந்துவிட்டால் அதே பாட்டில் தராசுக்குப் போய், பெரும்பாலும் மதிப்பே இல்லாமல் போகிறது. உலை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தால் லாரி வாடகையே சரக்கின் விலையைத் தின்றுவிடும்.

வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பிரிக்கும் வேலை வேறு. வெள்ளைக் கண்ணாடியில் பச்சை கலந்தால் நிறம் கெடும். உடைந்த பீங்கான் கோப்பையின் சில்லு ஒன்று புகுந்தால் இன்னும் மோசம்: உலையின் சூட்டில் அது உருகாது. புதிய பாட்டிலின் சுவரில் கல்லாகத் தங்கும். பாட்டில் அந்த இடத்தில்தான் விரிசல் விடும்.

அமெரிக்காவின் அனுபவம் இதற்குச் சாட்சி. பல நகரங்களில் காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடச் சொன்னார்கள். கண்ணாடி நொறுங்கி மற்றவற்றோடு கலந்தது. அந்நாட்டு அரசுக் கணக்குப்படி 2018இல் மறுசுழற்சிக்குப் போன கண்ணாடிக் கலன்கள் 31.3 சதவீதம் மட்டுமே. தனித் தொட்டி வைக்கும் வழக்கம் பரவலாக உள்ள ஐரோப்பாவில் இது ஏறத்தாழ 80 சதவீதம்.

தமிழில் 'மறுசுழற்சி' என்று நாம் பழக்கிக்கொண்ட சொல், சக்கரம் தானாகவே சுற்றுவதுபோல ஒரு பிரமையைத் தருகிறது. சுற்றுவதற்கு ஒரு கை வேண்டும். இந்தியாவில் அது பெரும்பாலும் கபாடிவாலாவின் கை.

உருக்குவதைவிட மேலான வழி ஒன்று நம்மிடமே இருந்தது: கழுவி நிரப்புவது. டெல்லி பால் திட்டம் வீடுகளுக்குக் கண்ணாடி பாட்டிலில் பால் கொடுத்தது. குளிர்பானத்தைக் கடை வாசலில் நின்று குடித்துவிட்டு பாட்டிலைத் திருப்பித் தந்தோம். வீட்டுக்கு எடுத்துப்போனால் முன்பணம் கட்டினோம். பிளாஸ்டிக் உறைகளும் பாட்டில்களும் இந்தப் பழக்கத்தை ஓரம்கட்டின. பீர் தொழிலில் பழைய பாட்டில் இன்றும் ஆலைக்குத் திரும்புகிறது. எல்லோரும் ஒரே வடிவ பாட்டிலைப் பயன்படுத்தினால் இந்த வியாபாரம் சுலபம். ஒவ்வொரு நிறுவனமும் தன் பெயரைப் பொறித்துத் தனி அச்சில் வார்க்கும்போது, வியாபாரி அவற்றைப் பிரித்து அந்தந்த ஆலைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. விளம்பரத்துக்கு நல்லது, சாக்கு சுமப்பவருக்கு நஷ்டம்.

முன்பணம் என்ன செய்யும் என்பதற்கு நீலகிரி ஓர் உதாரணம். காட்டில் வீசப்படும் மது பாட்டில்களின் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிப்பது குறித்து சென்னை உயர் நீதிமன்றம் கவலை தெரிவித்ததைத் தொடர்ந்து, 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு ரூ.10 கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. கடை ஊழியர்கள் இடமில்லை, வேலைப்பளு கூடிவிட்டது என்று முறையிட்டதும் உண்மை. பாட்டிலை வாங்கி அடுக்குவதும் ஒரு வேலை. அதற்கு ஆளும் சம்பளமும் ஒதுக்காமல் திட்டம் போட்டால் முறையீடு வரத்தான் செய்யும்.

பாட்டில் திரும்பினாலும் உலை எரிந்துகொண்டிருக்க வேண்டும். தாஜ்மகாலைக் காப்பாற்ற 1996 டிசம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, 292 ஆலைகளை நிலக்கரியைக் கைவிட்டு எரிவாயுவுக்கு மாறவோ இடம்பெயரவோ சொன்னது. ஃபிரோசாபாத்தும் எரிவாயுவுக்கு மாறியது. அன்றிலிருந்து எரிவாயு விலைதான் ஊரின் நாடித்துடிப்பு. பெரிய ஆலைகளுக்கும் கண்டம் உண்டு: நாட்டின் முன்னணி பாட்டில் தயாரிப்பாளரான ஹிந்துஸ்தான் நேஷனல் கிளாஸ் 2021இல் திவால் நடவடிக்கைக்குள் போனது; அதை யார் வாங்குவது என்ற வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓர் உலை அணைந்தால் சுற்றுவட்டாரத்து உடைகண்ணாடிக்கு வாங்குபவர் ஒருவர் குறைகிறார்.

2024 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட வரைவு விதிகள், காகிதம், உலோகத்தோடு கண்ணாடிப் பொதிகளுக்கும் தயாரிப்பாளரையே பொறுப்பாக்க முன்வந்தன. பிளாஸ்டிக்குக்கு 2022இல் வந்த ஏற்பாட்டில் மறுசுழற்சிச் சான்றிதழ்கள் நிறுவனங்களுக்கிடையே கைமாறுகின்றன. கண்ணாடியிலும் அதே வழியில் பணம் புரண்டால், அதில் எத்தனை பைசா, சில்லைப் பொறுக்கி மூன்று நிறமாகப் பிரித்துத் தருபவரின் கிலோ விலையில் சேரும் என்பதை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.