சும்மா கிடக்கிற நிலம்

முப்பது வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். கிரயம், அடமானம், குத்தகை எதைப் பார்த்தாலும் முதலில் நாலு எல்லையைத்தான் கண் தேடும். அந்தப் பழக்கத்தில் எத்தியோப்பிய அரசு நம் பெங்களூரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்த குத்தகைப் பத்திரத்தை என் மகன் போனில் தமிழாக்கிச் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

கம்பெனியின் பெயர் கருதுரி குளோபல். அப்போது ரோஜாப்பூ ஏற்றுமதியில் உலக அளவில் பெரிய ஆள். 2010-ல் காம்பெல்லா என்ற மாநிலத்தில் 1 லட்சம் ஹெக்டேர் அதற்கு 50 வருடக் குத்தகை. சொன்னபடி பயிர் வைத்தால் இன்னும் 2 லட்சம் உண்டு என்றும் பேச்சு. நம் தூத்துக்குடி மாவட்டமே மொத்தம் சுமார் 4.6 லட்சம் ஹெக்டேர்தான். குத்தகைப் பணம் ஹெக்டேருக்கு வருடம் 20 பிர். அன்றைய நம் காசில் ஏக்கருக்கு 25 ரூபாய்கூட வராது. எங்கள் ஊர் புதூர் கடையில் அப்போது நாலைந்து டீ குடிக்கலாம்.

என்னை நிறுத்தியது தொகை இல்லை, இரண்டு ஷரத்துகள். நிலத்தைக் காலியாக, தடங்கல் எதுவும் இல்லாமல் முப்பது நாளில் ஒப்படைக்க வேண்டியது அரசின் பொறுப்பு. கலகம், தகராறு வந்தால் கம்பெனி கேட்கும்போது இலவசமாகப் பாதுகாப்புத் தர வேண்டியதும் அரசுதான். காலி நிலத்தில் யார் வந்து தகராறு செய்யப்போகிறார்கள்? அங்கே அனுவாக், நுவேர் மக்கள் ஆற்றோரம் விதைத்தும் மாடு மேய்த்தும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆனால் 1975 முதல் எத்தியோப்பியாவில் நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம். உழுகிறவன் கையெழுத்து தேவைப்படவே இல்லை.

வெளிநாட்டில் நிலம் தேடும் இந்த வேட்டை சூடு பிடித்தது 2007-08-ல். தானிய விலை எகிறியது, இந்தியா உட்பட பல நாடுகள் அரிசி ஏற்றுமதியை நிறுத்தின. காசிருந்தும் அரிசி கிடைக்காத நாடுகள் பயந்து, அடுத்தவன் மண்ணிலேயே விதைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பின. கொரியாவின் டேவூ மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேருக்குப் பேரம் பேசியது தெரிந்ததும் ஜனங்கள் கொதித்தார்கள். 2009-ல் ஜனாதிபதியே பதவியிழந்தார், பேரமும் போயிற்று.

காம்பெல்லா குத்தகையைக் கெடுத்தது தண்ணீர். அந்தச் சமவெளியிலும் நம் கரிசல் மாதிரிக் கறுத்த களிமண் உண்டு. எங்கள் காட்டில் ஐப்பசி மழை ஒன்று நன்றாக விழுந்துவிட்டால் ஈரம் காயும்வரை டிராக்டர் இறங்காது. இறக்கினால் அதை இழுக்க இன்னொரு டிராக்டர் தேட வேண்டும். இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம், உளுந்து விதைக்கிற யாரும் சொல்வார்கள். 2011-ல் பாரோ ஆறு கம்பெனி போட்டிருந்த கரைகளை உடைத்துக்கொண்டு வந்து மக்காச்சோளத்தை மூழ்கடித்தது. 1 லட்சம் ஹெக்டேரில் 1,200 மட்டுமே பண்படுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லி 2015 கடைசியில் அரசு குத்தகையை ரத்து செய்தது. கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நம் ஊரில் இப்படி நடக்காது என்பார்கள். பாதி சரி. வெளிநாட்டுக்காரர் இங்கே விவசாய நிலம் வாங்கச் சட்டம் விடாது. ஆனால் மின்சாரம் எடுக்க முழுக்க முழுக்க அந்நிய முதலீடே வரலாம். கயத்தாற்றில் காற்றாலை நிற்கிறது. எங்களுக்குக் கிழக்கே கமுதியில் 2016-ல் 2,500 ஏக்கரில் அதானியின் 648 மெகாவாட் சோலார் வந்தது. அந்தக் கம்பெனியின் சோலார் நிலையங்கள் பலவற்றில் 2020-ல் பிரான்சின் டோட்டால் பாதிப் பங்கு வாங்கியது.

இங்கே பட்டாதாரர் கையெழுத்து வேண்டும், அதனால் அவருக்குப் பணம் வருகிறது. மழையை நம்பி மூன்று வருஷம் நஷ்டப்பட்டவர், சென்னையில் பிள்ளைகள் இருக்கிறவர், நிலத்தைக் கொடுத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். பத்திரத்தில் வராதவர்கள் பாடுதான் வேறு. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர், களையெடுக்கிற பெண்கள், மாசியில் அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட வருகிற கீதாரி, இவர்களுக்குக் கம்பி வேலிதான் நோட்டீஸ். எங்கள் பக்கத்தில் ஒரு கம்பெனி வேலி போட்டபோது வண்டிப்பாதை உள்ளே போய்விட்டது. அதற்கப்பால் காடு வைத்திருந்தவர்கள் மிளகாய் மூட்டையைத் தலைச்சுமையாக ஓடை வழியே சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

போன வருஷம் ஒரு புரோக்கர் என் திண்ணைக்கு வந்தார். "அண்ணாச்சி, சும்மா கிடக்கிற நிலம்தானே, ஏக்கருக்கு வாடகை வருதுல்லா" என்றார். பத்திரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு நாலு கேள்வி கேட்டேன். பாதை புலப்படத்தில் இருக்கிறபடி இருக்குமா? ஓடையை எந்தப் பக்கம் திருப்புவீர்கள்? கம்பெனி கைமாறினால் வாடகையை யாரிடம் கேட்பது? குத்தகை முடிந்தபின் மண்ணுக்குள் இறக்கிய கான்கிரீட்டை யார் தோண்டி எடுப்பது?

முதல் மூன்றுக்கும் ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இருந்தது: "அதுக்குள்ள நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன் அண்ணாச்சி."